வியாகுலமும் விடாப்பிடியும்: ஒல்லாந்தர் காலக் கத்தோலிக்கரின் விசுவாசம் பற்றிய ஒரு நோக்கு

ஈழத்துக் கிறிஸ்தவத் தமிழிலக்கியம் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தொடங்குவர். அமெரிக்க மிஷனரிமார், வட்டுக்கோட்டைச் செமினரி, அச்சுக்கூடம், உதயதாரகை, இவற்றுக்கு எதிர்நிலையில் நாவலர் என்றவாறு அவ்வரலாறு விரியும். அது எழுத்தறிவின் வரலாறு, உத்தியோகத்தின் வரலாறு, ஒருவகையில், அன்று உருவாகிக்கொண்டிருந்த மத்தியதர வர்க்கத்தின் வரலாறு. அதற்கு முந்திய நூற்றாண்டில், அச்சுக்கூடமோ அரசின் ஆதரவோ இல்லாத நிலையில், கரையோரக் கிராமங்களில் ஏட்டுப் பிரதிகளாகவும் வாய்மொழியாகவும் வாழ்ந்த கத்தோலிக்க இலக்கியம் நமது ஆய்வுகளில் ஓரிரு பந்திகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை. இக்கட்டுரை அவ்விலக்கியத்தை ஒரு குறிப்பிட்ட வினாவை முன்வைத்து அணுகுகின்றது. தாங்கவொண்ணாத நெருக்கடிக் காலத்தில் விசுவாசம் மனிதருக்கு வலிமை தருகின்றது என்று கூறப்படும்போது, அவ்வலிமை எங்கிருந்து வருகின்றது?

இவ்வினாவுக்கு இரு விடைகள் ஆயத்தமாக உள்ளன. விசுவாசி அதனைத் தேவகிருபை என்பார். அதற்குமேல் அவரிடம் விளக்கம் கேட்பது முறையுமன்று. மறுபுறத்தில், மார்க்சியத்தை வாய்பாடாகக் கற்ற நண்பர்கள் அபினி என்ற ஒரு சொல்லோடு விடயத்தை முடித்துவிடுவர். ஆனால் மார்க்ஸ் அச்சொல்லை எந்த இடத்தில் எச்சந்தர்ப்பத்தில் வைத்தார் என்பதை அவர்கள் நோக்குவதில்லை. ஹெகலின் உரிமைத் தத்துவம் பற்றிய விமரிசனத்துக்கு முன்னுரையாக 1844இல், தமது இருபத்தைந்தாவது வயதில் அவர் வெளியிட்ட கட்டுரையில், மதத் துன்பம் மெய்யான துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதேவேளை அத்துன்பத்துக்கு எதிரான ஆட்சேபமாகவும் விளங்குகின்றது என்னும் கருத்தையே முதலில் நிறுவுகின்றார். அபினி என்ற சொல் அதன் பின்னரே வருகின்றது. அக்காலத்து ஐரோப்பாவில் அபினி வைத்தியர் கொடுத்த நோவு மருந்துமாகும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஏங்கெல்ஸ் 1850இல் ஜேர்மனிய விவசாயிகள் போர் பற்றி எழுதியபோதும், 1894இல் ஆதிக் கிறிஸ்தவம் பற்றி எழுதியபோதும், அவரது கவனம் ஆட்சேபம் என்னும் அப்பக்கத்திலேயே பெரிதும் சென்றது. நாமும் அப்பக்கத்தையே முதலில் நோக்குவோம், மறுபக்கத்தை மறவோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் சமூகம் வடபகுதியினதும் மன்னாரினதும் கத்தோலிக்கர் சமூகமாகும். காலம், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய 1658 முதல் அவர்தம் ஆட்சி முடிவுற்ற 1796 வரையிலானது.

இச்சமூகத்தின் தோற்றத்திலேயே ஒரு முரண்பாடு உண்டு. 1544இல் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றோர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். அறுநூறு பேர் வரை மாண்டனர் என்பது திருச்சபை மரபு. அரசன் அங்கு கண்டது ஒரு புதிய வழிபாட்டை மட்டுமன்று. தனது துறையும் முத்துக்குளிப்பும் போர்த்துக்கேயர் பக்கம் சாயும் அபாயத்தையும் அவன் கண்டான். பின்னர் நிலைமை தலைகீழானது. 1560இல் மன்னாரும் 1619இல் யாழ்ப்பாண இராச்சியமும் போர்த்துக்கேயர் வசமாயின. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அடுத்த நான்கு தசாப்தங்களில் கத்தோலிக்கம் அதிகாரத்தின் மதமாயிற்று. அக்காலத்தில் மதம் மாறியோர் எல்லோரும் உள்ளம் மாறியே மாறினர் என்று கொள்வதற்கு இடமில்லை. பதவி, காணி, வரி, அச்சம் ஆகிய யாவும் அதில் கலந்திருந்தன. இதை மறைத்துவிட்டுப் பிற்காலத் துன்பத்தை மட்டும் பேசுவது நேர்மையான வரலாறாகாது.

ஆனால் 1658இன் பின் கத்தோலிக்கராக நீடித்தோருக்கு அதனால் எந்த இலாபமும் இருக்கவில்லை என்பதே நமது வாதத்துக்கு முக்கியமானது. போர்த்துக்கேயக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். குருவொருவருக்கு அடைக்கலம் கொடுப்பது மரணதண்டனைக்குரிய குற்றமென அறிவிக்கப்பட்டது. கோயில்களும் அவற்றோடிணைந்த பள்ளிக்கூடங்களும் சீர்திருத்தச் சபையின் கைக்கு மாறின. பால்டேயஸ் என்னும் ஒல்லாந்த போதகர் இக்கோயில்களை ஒவ்வொன்றாகப் பொறுப்பேற்றதைத் தாமே எழுதிவைத்துள்ளார். அவரது நூல் 1672இல் அம்ஸ்ரடாமில் வெளியாயிற்று. எனினும் மரணதண்டனையைவிட நுண்மையான ஆயுதம் ஒன்று ஒல்லாந்தரிடம் இருந்தது. அதுவே பதிவேடு. ஞானஸ்நானமும் விவாகமும் சீர்திருத்தச் சபையின் பள்ளிக்கூடத் தோம்பில் உபாத்தியாயரால் பதியப்பட்டாலன்றிச் சட்டத்தின் கண்ணில் பிள்ளை முறைப்படி பிறந்த பிள்ளையாகாது. முதுசத்துக்கு உரிமை கோருவது சிக்கலாகும். அரசாங்க உத்தியோகம் கிட்டாது. வணிகக் கம்பனி ஒன்றின் ஆட்சி, மனச்சாட்சியையும் கணக்கேட்டில் வைத்து நிருவகிக்க முயன்றது என்று இதனைச் சொல்லலாம்.

இதன் விளைவு ஓர் இரட்டை வாழ்க்கை. பகலில் ஒல்லாந்தரின் தோம்பில் பெயர். இரவில் வீட்டில் செபமாலை. சைவர்களும் இதே நிலையிலேயே இருந்தனர். விரதச் சோறுண்ட வாழையிலையைப் பிறர் காணாதபடி கூரையிற் செருகிவைத்தனர் என்ற கதை யாழ்ப்பாணத்தில் இன்றும் வழங்குகின்றது. அந்நியர் ஆட்சியில் சைவரும் கத்தோலிக்கரும் ஒளித்து வாழும் கலையை ஒரே பள்ளியிற் பயின்றனர் எனலாம். ஆயின் ஒரு வேறுபாடு இருந்தது. சைவ வழிபாட்டின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே, குருக்களின்றியே நிகழக்கூடியது. கத்தோலிக்கத்தின் மையமோ பூசை. பூசைக்குக் குரு இன்றியமையாதவர். 1658 முதல் 1687 வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் குருவின்றி வாழ்ந்தனர். ஒரு தலைமுறை பூசையையே காணாமல் வளர்ந்து பிள்ளை பெற்றது. கோட்பாட்டின்படி பார்த்தால் அம்மதம் அங்கு அழிந்திருத்தல் வேண்டும்.

அது அழியவில்லை. எஞ்சியவை மனப்பாடச் செபங்களும், செபமாலையும், ஒளித்துவைத்த சுரூபங்களும், அவற்றைச் சுற்றிக் கூடிய வீட்டாருமாவர். மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் 1670இல் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுவழியே வன்னிக்குள் நுழைந்தன என்றும், யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிவந்த வேறு கத்தோலிக்கர் அவர்களோடு சேர்ந்தனர் என்றும் மடுக்கோயிலின் மரபுவரலாறு கூறும். எண்ணிக்கைகள் எவ்வாறாயினும், கண்டியரசின் செல்வாக்குக்குட்பட்ட காட்டுப்புறம் ஒல்லாந்தரின் தோம்பு எட்டாத இடமாக இருந்தது என்பது அரசியற் புவியியல் சார்ந்த உண்மை. தெய்வத்தை நாடிச் சென்ற அப்பாதை வரியும் பதிவும் இல்லாத இடத்தை நாடிச் சென்ற பாதையுமாகும்.

1687இல் யோசேவ்வாஸ் அடிகள் வந்துசேர்ந்தார். 1651இல் கோவாவிலே கொங்கணிப் பிராமணக் குடும்பமொன்றிற் பிறந்தவர் அவர். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டபின் அவரைப் பற்றிப் பெருகிவரும் நூல்களிற் பல அற்புதங்களிலேயே நின்றுவிடுகின்றன. நமக்கு அவற்றினும் அற்புதமாகத் தோன்றுவது ஒரு சாதாரண உண்மை. கோவாவின் ஓரத்தோரியார் சபை சுதேசக் குருமாரின் சபை. அதுவும் பிராமணருக்கே உரியதாக இருந்த சபை. போர்த்துக்கேயத் திருச்சபை நிற அடிப்படையில் இரண்டாந்தரமாக நடத்திய அக்குருமாரின் கரிய மேனியே ஒல்லாந்தர் காலத்தில் அவர்களுக்குக் கேடயமாயிற்று. ஐரோப்பியப் பாதிரியார் ஒருவர் எவ்வேடம் புனைந்தாலும் யாழ்ப்பாணத் துறையில் பிடிபட்டிருப்பார். வாஸ் அடிகளோ கூலியாளாகவும் பிச்சைக்காரராகவும் வேடமிட்டு, கழுத்திற் செபமாலையுடன் வீடுவீடாகச் சென்று, அதைக் கண்டு முகம் மாறியவர்களை வைத்தே விசுவாசிகளை இனங்கண்டார் என்பர். சாதிப் பெருமை பேணிய ஒரு சபையின் மகன் உயிர்பிழைத்து ஊழியஞ் செய்வதற்காகச் சாதிப்படியின் அடியிற் கிடந்தவனின் உருவத்தை ஏற்கவேண்டியிருந்தது. சில்லாலை மக்கள் அவரை மறைத்துவைத்தனர்.

1689 நத்தார் இரவு நிகழ்ந்தது பரவலாக அறியப்பட்டதே. பூசைக்குக் கூடியிருந்த ஏறத்தாழ இருநூறு பேரை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்தனர். குரு தப்பிவிட்டார். பெண்கள் விடுவிக்கப்பட்டனர். முதன்மையானோர் எண்மர் தண்டிக்கப்பட்டனர். அவருள் சீர்திருத்தச் சபையிலிருந்து கத்தோலிக்கத்துக்கு மாறியிருந்த ஒருவர் அடியுண்டு இறந்தார். ஏனையோர் கோட்டையிற் கடூழியத்துக்கு அனுப்பப்பட்டனர். இவ்வெண்மரும் அன்றிரவு அங்கு வந்திருக்க வேண்டிய உலகியற் காரணம் எதுவுமில்லை. வீட்டில் இருந்திருந்தால் உயிரும் சொத்தும் பாதுகாப்பாயிருந்திருக்கும். போர்த்துக்கேயர் காலத்து ஞானஸ்நானங்களின் நேர்மையைச் சந்தேகிக்க நமக்கு உரிமையுண்டு. ஆனால் அந்த ஐயம் 1689 நத்தார் இரவின் வாசலைத் தாண்டிச் செல்லாது.

பின்னர் வாஸ் அடிகள் கண்டி சென்றார். போர்த்துக்கேயரின் ஒற்றர் என்ற ஐயத்தில் அங்கு சிறைப்பட்டு, பின்பு இரண்டாம் விமலதர்மசூரியனின் நன்மதிப்பைப் பெற்றார். பௌத்த அரசன் கத்தோலிக்கருக்கு இடங்கொடுத்ததில் பெருந்தன்மையும் உண்டு. ஒல்லாந்தருக்கு எதிரான கணிப்பும் உண்டு. 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது மக்கள் நோயாளரைக் கைவிட்டுக் காட்டுக்கு ஓடினர். வாஸ் அடிகளும் அவர் மருமகனான யோசேப் கர்வாலியோ அடிகளும் அங்கேயே தங்கி, மதபேதமின்றி நோயாளரைக் கழுவினர், ஊட்டினர், இறந்தோரைப் புதைத்தனர். 1711 ஜனவரி 16இல் அடிகள் கண்டியிலேயே இறந்தார்.

ஆயினும் வரலாற்றைத் தனிமனிதரின் தியாகத்தாலேயே விளக்குவது நமது முறையன்று. ஒருசில குருமாரால், நெடுங்கடலோரமெங்கும் சிதறிக்கிடந்த ஒரு சமூகத்தை, ஒல்லாந்தரின் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டு ஆண்டு முழுவதும் பராமரித்திருக்க முடியாது. ஒரு கிராமத்துக்குக் குரு வருவது வருடத்தில் சில நாட்கள் மாத்திரமே. எஞ்சிய நாட்களில் அச்சபையை நடத்தியோர் மூப்பரும் அண்ணாவிமாருமாவர். மூப்பர் ஊர்ச்சபையின் தலைவர். அண்ணாவியார் செபங்களைச் சொல்லிக்கொடுப்பவர். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிப்பவர். ஒடுக்குமுறையே, தான் விரும்பாமலே, இச்சமூகத்தின் சமயத்தைக் குருமாரின் கையிலிருந்து குடியானவரின் கைக்கு மாற்றிவிட்டது. விசுவாசத்தின் வலிமை என்று நாம் இங்கு காண்பது இந்த அமைப்பையே. இன்ன நாள் இன்னார் வீட்டில் கூடுவோம், இன்னார் முன்னின்று சொல்வார், ஏனையோர் மறுமொழி சொல்வர் என்ற உறுதிப்பாடு அது. தனியொருவர் உள்ளத்தில் அச்சம் மேலிட்ட நாளிலும் அவர் மறுமொழி சொல்லவேண்டிய முறை அவருக்காகக் காத்திருந்தது.

அண்ணாவி என்ற சொல்லிடத்துச் சற்று நிற்றல் தகும். ஈழத்துக் கூத்து மரபில் அண்ணாவியார் என்பவர் கூத்தைப் பழக்கி மேடையேற்றும் ஆசான். செபம் பழக்கியவரும் கூத்துப் பழக்கியவரும் ஒரே பெயர் பெற்றமை தற்செயலன்று என்றே நாம் கருதுகிறோம். இரண்டும் எழுத்தறியாப் பெருங்கூட்டத்துக்கு ஒரு நெடும்பாடத்தைக் குரல்வழி ஒப்புவிக்கும் தொழில்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்த ‘எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம்’, ‘மூவிராசாக்கள் நாடகம்’ முதலியன இம்மண்ணில் வேரூன்றிய கத்தோலிக்கக் கூத்துக்களே.

இவ்வமைப்புக்கு ஒரு பாடம் தேவைப்பட்டது. அதைத் தந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள். 1676இல் கோவாவின் திவார்த் தீவிற் பிறந்து, 1705இல் இலங்கை வந்து, 1742இல் போலவத்தையில் இறந்தவர் அவர். தாய்மொழி கொங்கணியாயிருக்க, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றினார். சிங்களக் கத்தோலிக்க இலக்கியத்தின் தந்தையெனச் சிங்கள ஆய்வாளர் அவரைப் போற்றுவர். தமிழ் உரைநடை வரலாற்றை எழுதியோர் அவருக்கு அவ்வளவு நீதி செய்ததில்லை. நாவலருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, உரத்து வாசித்துக் கூட்டத்தைக் கட்டிப்போடும் உரைநடை ஒன்று இங்கு உருவாகியிருந்தது என்பது நமது உரைநடை ஆய்வாளரைச் சிறிதேனும் அமைதியிழக்கச் செய்யவேண்டிய செய்தி.

அவரது தமிழ் நூல்களுள் மக்களிடம் மிக ஆழமாகச் சென்றது வியாகுலப் பிரசங்கம். யேசுவின் பாடுகளை, பூங்காவனத்துச் செபம் தொடக்கம் அடக்கம் வரை, பகுதி பகுதியாகச் சொல்லிச் செல்வது அது. வடசொற்கள் செறிந்த நடை. எனினும் வாக்கியங்கள் கண்ணுக்காக அன்றி மூச்சுக்காக அளவெடுக்கப்பட்டவை. தபசுகாலத்தில் அதை இராகத்தோடு வாசிப்பார் ஒருவர் அல்லது இருவர். சூழ இருப்போர் கேட்டு அழுவர். உடக்குப் பாஸ் என வழங்கும் நிகழ்ச்சியில் சுரூபங்களை அசைத்துப் பாடுகளின் காட்சிகளைக் காட்டும்போதும் பின்னணியில் ஒலிப்பது இப்பிரசங்கமே. கொழும்பிலே ஒல்லாந்தர் 1730களில் அச்சுக்கூடம் நிறுவித் தமது மதநூல்களைச் சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டனர். கொன்சால்வெஸ் அடிகளின் நூல்களோ எழுத்தர் கையாற் பெயர்த்தெழுதப்பட்டுப் பரவின. அச்சு, அதிகாரத்தின் பக்கம். ஏடும் குரலும் மறுபக்கம். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு கழித்துப் பார்க்கும்போது, ஒல்லாந்தரின் அச்சுநூல்கள் நூலகப் பெட்டகங்களில் உள்ளன; வியாகுலப் பிரசங்கம் கிராமத்துக் கோயில்களில் உள்ளது.

இதன் ஆற்றல் எதில் தங்கியுள்ளது? நமது கருத்தில், ஒப்பாரியில். தமிழ்க் கிராமத்தில் சாவீட்டில் தாயொருத்தி மகனை முன்வைத்து அழுவதற்கு ஏற்கெனவே ஒரு வடிவம் இருந்தது: விளித்தல், அவன் அருமை சொல்லல், தன் கதியற்ற நிலை சொல்லல், விதியோடும் கொன்றவரோடும் வழக்காடல். வியாகுலமாதா அவ்வடிவத்துக்குள் எளிதாக வந்து அமர்ந்தாள். மகனைக் கடலுக்குக் கொடுத்தவளும், கோட்டைக் கடூழியத்துக்குக் கொடுத்தவளும் தன் அழுகையை மாதாவின் வாயில் கேட்டாள். தனிப்பட்ட துக்கம் தனிமையானது, மனிதரைச் சிதைப்பது. அதே துக்கம் ஊரார் கூடிக் குறித்த நாளில் குறித்த இராகத்தில் அழும்போது தாங்கக்கூடியதாகின்றது. பகிரங்கமாக முறையிட முடியாத ஒரு சமூகத்துக்கு, பகிரங்கமாக அழுவதற்கு இது வழிசெய்தது. பிலாத்துவின் நியாயசபையைப் பற்றிக் கேட்ட யாழ்ப்பாணத்தவன், தன் நாட்டானல்லாத தேசாதிபதியையும், அடிக்கும் தூணையும், கைகழுவும் நீதியையும் விளங்கிக்கொள்ளப் பாலஸ்தீனம் வரை போகவேண்டியிருக்கவில்லை.

எனினும் இங்கேதான் மறுபக்கமும் தொடங்குகின்றது. பிரசங்கம் இறுதியிற் குற்றவாளியாகச் சுட்டுவது பிலாத்துவையன்று. கேட்போனின் பாவத்தையே அது சுட்டுகின்றது. போதாக்குறைக்கு, ஐரோப்பியத் திருச்சபையின் பழைய பகைமை யூதரைத் தூற்றும் மொழியாக இப்பாடுகள் மரபெங்கும் கலந்துள்ளது. யூதரைக் கண்டேயிராத மன்னார் மீனவனின் கோபம் அவன் வாழ்வோடு தொடர்பற்ற ஓர் இலக்கை நோக்கித் திருப்பப்பட்டது. அழுது ஓய்ந்த நெஞ்சு ஆறுதலடையும். ஆறுதலடைந்த நெஞ்சு மறுநாள் தோம்புக்காரரிடம் பணிந்து போகவும் கூடும். கூடி அழுதோர் சம்மாட்டி வேறு, கூலிக்கு வலையிழுப்பவன் வேறு என்பதையோ, ஒரே ஊரில் சாதிக்கொரு கோயில் எழுந்ததையோ வியாகுலப் பிரசங்கம் கேள்விக்குள்ளாக்கவில்லை. தாக்குப்பிடிக்கும் வலிமையை அது தந்தது. மாற்றியமைக்கும் வலிமை வேறொன்று.

ஆனால் தாக்குப்பிடித்தலை இலேசாக எண்ணலாகாது. ஆங்கிலேயர் 1796இல் வந்து, கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத்தடைகள் 1806இல் நீக்கப்பட்டபோது, ஒல்லாந்தரின் தோம்பிற் கண்ட சீர்திருத்தக் கிறிஸ்தவர் தொகை வெயில்பட்ட பனிபோல் மறைந்தது. பதவியும் காணியும் கொடுத்துத் திரட்டிய சபை கலைந்தது. கசையடி வாங்கிய சபை வெளியே வந்தது. அதன்பின் ஐரோப்பிய மிஷனரிமார் மீண்டும் வந்தனர். மூப்பரும் அண்ணாவிமாரும் குருமனையின் உதவியாட்களாகச் சுருங்கினர். அக்கதை வேறு.

ஒல்லாந்தர் காலத்தில் உருவான அவ்வமைப்பு அத்தோடு முற்றாக ஓயவில்லை என்பதை அண்மைக் காலப் போர் காட்டிற்று. ஒருகாலத்தில் சுரூபத்தோடு ஓடிவந்தோருக்கு இடங்கொடுத்த மடு, 1990 தொடக்கம் பல்லாயிரம் அகதிகளின் முகாமாயிற்று. அங்கு தங்கியோரிற் சைவரும் பலர். 1999 நவம்பர் 20இல் கோயில் வளவில் எறிகணை வீழ்ந்து நாற்பதளவினர் மாண்டனர். 2008 ஏப்ரிலில் குருமார் மாதாவின் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு சென்றனர். 1670இன் கதையைக் கேட்டு வளர்ந்தோர் அதன் மறுபடியைத் தம் கண்ணாற் கண்டனர். இக்காலமெங்கும் தபசுகாலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கப்பட்டது.

போர் முடிந்தபின் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப் 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் தோன்றினார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்பதே அவர் வைத்த கேள்வி. அவ்வெண்களின் விளக்கம் பற்றி வாதப்பிரதிவாதங்கள் பல நிகழ்ந்துள்ளன. நமது பொருளுக்கு வேண்டியது அக்கேள்வியின் அமைப்பு. அதில் அழுகை இல்லை. கேட்போனின் பாவம் இல்லை. முதலாவது எண் கச்சேரியின் சொந்தக் கணக்கு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தோம்பில் எழுதப்பட்ட சமூகம், இம்முறை தோம்பை விரித்து வைத்துக்கொண்டு அதை எழுதியவரிடம் கழித்தற் கணக்குக் கேட்டது. ஆயர் 2021 ஏப்ரில் 1ஆம் திகதி காலமானார். கணக்கு இன்னும் தீர்க்கப்படவில்லை.